சுருங்கிப்போன குளம்

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கல்வி அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்த நாளிலிருந்து அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தர ஒரு வருட அனுமதிதான் கிடைத்திருந்தது. பிள்ளைகள் எழுதியதைச் சேர்த்துவைத்த கோப்பை அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருடம். உதட்டைப் பிதுக்கினால் மூத்தவள் மறுபடி பள்ளிக்கூடம் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காமல் இருந்தவள் அவள். வீட்டுக்கு வந்த பிறகு வாயை மூடுவதே இல்லை. அந்தத் தொணதொணப்பை விட்டுக்கொடுக்க அம்மாவுக்கு மனமில்லை.

மூத்தவளுக்கு வயது ஒன்பது. கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணி நோட்டில் ஏற்றுவதால் அப்பா அவளுக்கு வைத்த பெயர் கணக்குப்பிள்ளை. இளையவள் அக்கா பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரியும் ஏழு வயது வாலு. அக்காவின் பழைய சட்டை, பழைய ஷூ எல்லாம் அவளுக்குத்தான்.

போன இலையுதிர் காலத்தில் கணக்குப்பிள்ளை பூங்காக் குளத்தைச் சுற்றி அடியெண்ணி நடந்திருந்தாள். எண்ணூற்றுப் பன்னிரண்டு அடி. இந்தச் சனிக்கிழமை உதிர்ந்த இலைகளைச் சரசரவென்று மிதித்தபடி மறுபடி நடந்தாள். எழுநூற்று அறுபத்தொன்று. சந்தேகப்பட்டு இரண்டாவது சுற்றும் போய்வந்தாள். அதேதான்.

"அம்மா, குளம் சுருங்கிடுச்சு."

"கோடையில மழை எங்க பேஞ்சுது? சுருங்காம என்ன செய்யும்," என்றார் அப்பா. அவர் எலக்ட்ரீஷியன். குளத்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று கேட்க அங்கே ஆளில்லை. அம்மாவும் பெரிதாகத் தலையாட்டினாள். அதோடு விட்டாளா? வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, 'நம் குளம் ஓராண்டில் ஐம்பத்தோரு காலடி சுருங்கியுள்ளது' என்று முத்து முத்தாக எழுதிக் கோப்பின் முதல் பக்கமாகவே சேர்த்தாள். அதிகாரி அசந்துபோவார் என்று நினைத்தபோது மனசு குளிர்ந்தது.

ஞாயிறு காலை, விஷயத்தைப் பூங்காக் காவலரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று கணக்குப்பிள்ளை ஒற்றைக்காலில் நின்றாள். நாலு பேரும் போனார்கள். இலைகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்த காவலர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பாப்பா, கரை கல்லு வச்சுக் கட்டினது. அது எங்க போகும்? தண்ணியும் போன வருஷத்தவிட ஒரு சாண் ஏறித்தான் நிக்குது."

அம்மா கரையைப் பார்த்தாள். கல்தான். நேற்று மகள் இரண்டு சுற்று நடந்ததும் அதன்மேல்தான். முகத்தில் அசடு வழிந்தது. அப்பா திடீரென்று பக்கத்து விளக்குக் கம்பத்தை வெகு அக்கறையாக ஆராயத் தொடங்கினார். நாலு மணிக்குள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அம்மாவின் நினைப்பாக இருந்தது.

அதற்குள் வாலு இலைக்குவியலில் குதித்தாள். குதித்த வேகத்தில் தொளதொள ஷூ ஒன்று கழன்று உள்ளே போய்விட்டது. அக்கா துழாவி எடுத்தாள். எடுத்தவள் கொடுக்கவில்லை.

"அம்மா, இது போன வருஷம் நான் போட்டுக்கிட்டிருந்ததுதானே?"

"ஆமாம். அவகிட்ட கொடு, கால் சில்லுன்னு இருக்கும்."

அவள் தன் ஷூவைக் கழற்றிவிட்டு அந்தப் பழைய ஷூவில் காலை நுழைத்துப் பார்த்தாள். குதிகால் வெளியே நின்றது. உடனே ஷூவைத் தங்கையிடம் தூக்கிப் போட்டுவிட்டு, தன்னுடையதை அரைகுறையாக மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தாள்.

மற்றவர்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, வாசலிலிருந்து தெருமுனைத் தபால் பெட்டிவரை எண்ணி முடித்திருந்தாள். போன வருட நோட்டில் நூற்று அறுபது. இப்போது நூற்று ஐம்பது.

"தெரு சுருங்காதும்மா. குளமும் சுருங்கல. நான்தான் வளந்துட்டேன்."

வாசற்படியிலேயே உட்கார்ந்து மூன்று பக்கம் கிறுக்கினாள். இப்போதைய பதினைந்து அடி அப்போதைய பதினாறு அடிக்குச் சமம். அந்தக் கணக்கில் எழுநூற்று அறுபத்தொன்றை மாற்றினால் மயிரிழை வித்தியாசத்தில் எண்ணூற்றுப் பன்னிரண்டு வந்து நின்றது. இந்தக் கணக்கை அவளுக்கு யாருமே சொல்லித்தரவில்லை. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் முதல் பக்கத்தைக் கிழிக்க அவள் கை கோப்புக்குத்தான் போனது. கணக்குப்பிள்ளை பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அதக் கிழிச்சிட்டா நான் வளந்தது எப்படித் தெரியும்?"

நாலு மணிக்கு அதிகாரி வந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, சிரிப்பே இல்லாத பெண்மணி. முதல் பக்கத்தைப் படித்தார். அதன் பின்னால் சேர்த்திருந்த மூன்று கிறுக்கல் பக்கங்களையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"குளம் சுருங்கிடுச்சுன்னு நீங்களும் நம்பினீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நம்பினேங்க. இவங்க அப்பாவும்தான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியவே அம்மாவுக்குச் சற்று நேரம் ஆனது.

"தப்பு எல்லாப் பிள்ளைங்களும் பண்றாங்க. அது தப்புன்னு இப்படித் துரத்திப் பிடிச்சத நான் அதிகம் பாத்ததில்ல," என்று கையெழுத்துப் போட்டார். "அடுத்த இலையுதிர் காலத்துலயும் அளந்து பாத்து எனக்கு எழுதும்மா."

கணக்குப்பிள்ளை வாயைத் திறக்குமுன் வாலு முந்திக்கொண்டாள்.

"நானும் எழுதுவேன். எனக்குக் கால் சின்னது. அக்கா குளத்தவிட என் குளம்தான் பெருசு."

அக்கா மறுக்க வாயெடுத்தாள். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பித் தங்கையிடம் கொடுத்தாள்.