பூரியைக் கூப்பிட வந்த கடல்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள மீனவர் குப்பத்தில், மூர்த்தி வீட்டு வாசலுக்குக் கடல் விளையாட வந்தது ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு. இரண்டு முழ அகலம், கணுக்கால் ஆழம். பக்கத்து வீட்டுக் கோலத்தைக்கூட நனைக்காமல் சந்தில் வளைந்து வந்து படியருகே நின்றது. மூர்த்தியின் நாய்க்குட்டி பூரி ஒரே தாவாகத் தாவி அதன்மேல் விழுந்தது. இரண்டும் சேர்ந்து கரைக்கு ஓடிப்போயின.

தப்பு மூர்த்தியுடையதுதான். மூன்று வாரம் முன்பு அவரும் மனைவி வச்சலாவும் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு விலங்குகள் காப்பகத்துக்குப் போய் அந்தக் குட்டியைத் தத்தெடுத்து வந்தார்கள். ஒரு காது லேப்ரடார், மறு காது நாட்டு நாய், வால் யாருடையது என்று காப்பகத்துக்கே தெரியாது. துடைப்பம், செருப்பு, அங்கே வேலை பார்க்கும் ஷாரோனின் துப்பட்டா, எல்லாம் அதற்கு விளையாட்டுச் சாமான். இவர்களுடைய ஒரே மகன் சரவணகுமார் போன படகு கவிழ்ந்து, உடல்கூடக் கிடைக்காமல் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து வச்சலா கடல் பக்கம் திரும்பியதில்லை, சிரித்ததுமில்லை. குட்டி முந்தானையைக் கவ்வி இழுத்தபோது தன்னை மறந்து சிரித்துவிட்டாள். மூர்த்திக்கு அது போதும். படிவத்தில் 'வீட்டருகே ஆபத்து ஏதும் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இத்த மட்டும் கடலாண்ட இட்டுகினு போவாதய்யா" என்று பஸ்ஸிலேயே சொன்னாள் வச்சலா. ஆனால் புது வலையோ புதுப் படகோ, கடலுக்குக் காட்டாமல் வைத்துக்கொள்வது மூர்த்தி வம்சத்தில் வழக்கமில்லை. மறுநாள் அவள் அடுப்பு பற்றவைக்கும் நேரம் பார்த்துக் குட்டியைத் தூக்கிப்போய், நாலு காலையும் அலையில் நனைத்து, "எங்க வூட்டுப் புள்ள, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார். கடல் இதையெல்லாம் காதில் வாங்கும் என்று அவர் நினைக்கவில்லை. பழக்கதோஷம்.

செவ்வாய்க்கிழமை போன குட்டி சாயங்காலம் ஆறு மணிக்குச் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தது. அதுவரை வச்சலா சந்து முனையில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவளுக்குக் கால் நகரவில்லை. ஒன்றை எடுத்தது போதாதென்று இரண்டாவதுக்கு வந்துவிட்டதே, இதை யாரிடம் போய்ச் சொல்வது? மூர்த்தி மணல் மூட்டை அடுக்கினார், கடல் பின்வாசல் வழியாக வந்தது. குட்டியைச் சங்கிலியில் கட்டினார், அவிழ்த்துவிடும்வரை கடல் சமையலறையில் முழங்கால் அளவு நின்று காத்திருந்தது. அதிகாரி ஒருவர் வந்து டேப் வைத்து அளந்து, 'ஈரம்' என்று எழுதிக்கொண்டு போனார்.

வச்சலா குட்டியைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கும் தங்கை பிரதீபா வீட்டுக்குப் போனாள். மூன்றாம் நாள் கடல் திருக்கழுக்குன்றம் ரோடு வழியாக, ரயில்வே கேட்டில் ஷேர் ஆட்டோக்களோடு நின்று, கேட் திறந்த பிறகு வந்து சேர்ந்தது. "யக்கா, போர் பைப்புல உப்புத் தண்ணி வருது. நீ எப்போ வோணா வா, அத்த மட்டும் இட்டாராத" என்றாள் பிரதீபா. அவள்மேலும் குற்றமில்லை. திரும்பும்போது பஸ்ஸின் ஓரமாகவே கடலும் வந்தது.

வீட்டு வாசலில் வச்சலா இரண்டு வருஷத்துக்குப் பிறகு அதை நேராகப் பார்த்தாள். மண்ணை வாரித் தூற்றவும் கேள்வி கேட்கவும் அவளுக்கு நிறைய இருந்தது. குட்டியோ அவள் பிடியில் நில்லாமல் துள்ளியது.

"வெளாடிக்கோ. ஆறு மணிக்குள்ளாற கொண்டாந்து வுட்டுடணும். இத்தயாச்சும் வுட்டுடு" என்று சொல்லிக் கீழே இறக்கிவிட்டாள்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. புயல் நாளில்கூடக் கடல் ஆறு மணியைத் தாண்டியதில்லை. பூரி வளர்ந்துவிட்டது, குறும்பு மட்டும் குறையவில்லை. வச்சலா மறுபடியும் மீன் விற்கப் போகிறாள், ஐந்தரைக்கெல்லாம் வீடு திரும்பிவிடுகிறாள். பூரி படியேறி உடம்பை உதறும்போது அவள் அதைப் பார்ப்பதில்லை. அதன் பின்னால் சந்து முனைவரை நீண்டு கிடக்கும் தண்ணீரைப் பார்ப்பாள், கூட வேறு யாரையாவது கொண்டுவந்திருக்கிறதா என்று. இருக்காது. "செரி, போய்ட்டு நாளிக்கு வா" என்று கடலிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள்.