சங்கொலிக் கல்லூரிக்கு ஏ கிரேடு

மனிதனுக்கு வரும் எல்லா நோயையும் சங்கு ஒன்றே தீர்க்கும். தீராதது எதுவோ, அது நோயே இல்லை. எத்திராஜ் இதைச் சிரிக்காமல் சொல்வார். சங்கைக் காதில் வைத்துக் கேட்டால் சர்க்கரை இறங்கும், ரத்தக் கொதிப்பு இறங்கும், ஏறவேண்டியது ஏதாவது இருந்தால் ஏறும். திருவொற்றியூரில் படகு இன்ஜின் சாமான் கடைக்கு மேல்மாடியில் அவர் நடத்திய சங்கொலி மருத்துவக் கல்லூரிக்கு முதல்வர், பேராசிரியர், வாட்ச்மேன் எல்லாம் அவரே.

ரத்தப் பரிசோதனை என்றாலே அவருக்கு இளக்காரம். "குத்தி ரத்தம் எடுத்தாத்தான் வியாதி தெரியும்னா நீ டாக்டரா, கொசுவா?" என்பார்.

பக்கத்து வீட்டு யேசுதாஸ் கடலுக்குப் போகிறவர். அவர் ஒருநாள் நியாயமாகவே கேட்டார். "பொறந்ததுலேர்ந்து அலைச் சத்தத்துலதான் தூங்கறோம் நைனா. எங்காளுங்களுக்கு ஏன் சுகர் வருது?"

எத்திராஜ் அசரவில்லை. அது பச்சைக் கடல், கணக்கில்லாமல் காதில் விழுவது. சங்குக்குள் வடிகட்டி, அளவோடு வருகிறது என்று விளக்கினார். கடலை வடிகட்டிப் பார்த்த அனுபவம் இல்லாததால் யேசுதாஸ் அதோடு விட்டுவிட்டார்.

சிக்கல் எத்திராஜின் இடது காலில் இருந்தது. நெட்டுக்குப்பத்தில் சங்கு பொறுக்கப் போனபோது சிப்பி கிழித்த புண், வாரக்கணக்கில் ஆறாமல் ஓரம் கறுக்க ஆரம்பித்திருந்தது. சங்கைக் காலில் வைத்துப் பார்த்தார். காலுக்குக் காது இல்லை. சுகராக இருக்கும், ரத்தம் பார், காலையே எடுக்கும்படி ஆகிவிடும் என்று மனைவி நீலா தினமும் மன்றாடினாள். கல்லூரிக்குக் கிரேடு போட அங்கீகார வாரியத்துக்காரர்கள் வரப்போகிறார்கள், அவர்கள் வந்து போகட்டும் என்றார் எத்திராஜ். முதல்வரே ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் கல்லூரியின் மானம் என்ன ஆவது?

வாரியத்திலிருந்து இரண்டு பேர் டேப்போடு வந்தார்கள். அறையின் நீள அகலம் அளந்தார்கள். தீயணைப்பான் காலாவதி ஆகிவிட்டதா என்று புரட்டிப் பார்த்தார்கள். லேடீஸ் பாத்ரூம் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து, மறுபடி போட்டார்கள். பெஞ்சில் யேசுதாஸ் பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டி வந்த நோயாளிகள் காதில் சங்கோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் குறட்டை விட்டார். 'நோயாளிகள் நிம்மதியாக உள்ளனர்' என்று அதிகாரி எழுதிக்கொண்டார். சங்கு யாருக்காவது எதையாவது குணமாக்கியதா என்று அவர்கள் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி அவர்களிடம் இல்லை.

கிளம்பும்போது மூத்த அதிகாரி தண்ணீர் கேன் முன்னால் நின்றுவிட்டார். இதற்கு லேப் ரிப்போர்ட் எங்கே? நல்ல தண்ணீர்தான், தானே குடிப்பதாக எத்திராஜ் சொன்னார்.

அதிகாரியின் முகம் இறுகியது. "நீங்க சொன்னா ஆச்சா சார்? உயிர் விஷயம். டெஸ்ட் பண்ணாம எப்படி நம்பறது?"

ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மூடியில் சீல் வைத்து எடுத்துக்கொண்டார்கள். சங்குக்கு அப்போதே ஏ கிரேடு. தண்ணீருக்கு மட்டும் முடிவு வரவேண்டும்.

டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டிருந்த நீலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். படியிறங்கும் சத்தம் அடங்கியதும், நாற்காலியில் காலைத் தூக்கி வைத்திருந்த புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கேன் தண்ணிக்குக் கீற மரியாதகூட உன் ரத்தத்துக்கு இல்லியா?"

ஆங்கில வைத்தியத்துக்கு எத்திராஜ் பதில் வைத்திருந்தார், யேசுதாஸுக்கு வைத்திருந்தார். வாரியத்தின் வாதத்தை மறுக்க முடியவில்லை. மறுத்தால் அந்த வாரியம் கொடுத்த ஏ கிரேடு என்னாவது?

மறுநாள் காலையில் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தெரிந்தவர் யாரும் இல்லாத மாத்தூருக்கு பஸ் ஏறினார். சுகாதார நிலையத்தில் நர்ஸ் பெயர் கேட்டாள், சொன்னார். தொழில் கேட்டாள். வாத்தியார் என்றார். என்ன பாடம் என்று அடுத்துக் கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில், அவள் நிமிர்வதற்குள் விரலை நீட்டிவிட்டார்.