பாஞ்சாலிக்கு எந்தக் கிழமை?

1

இந்தக் கதை எனக்கு 1962 மாசியில், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஞ்சாலி, வக்கீலிடம் சொல்லப்போவதை என்னிடம் சொல்லிப் பழகிக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

2

முதல் தொடக்கம்: பாஞ்சாலியின் கண்ணீர்த் துளிகள்...

(அடித்துவிட்டேன். அவள் அழவேயில்லை.)

இரண்டாவது: ஒலக்கூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஊர்ப் பஞ்சாயத்தின் முன்னால் பாஞ்சாலியும் தாண்டவராயனும் துரும்பு கிள்ளிப் போட்டார்கள்.* வேறொருத்தியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவன் அவன். அதனால் முக்கால் காணியைப் பாஞ்சாலிக்கு ஈடாகக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தான். கிணறு அவன் பங்கில் நின்றுவிட்டது. புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே கிணறுதானே என்கிற பழக்கத்தில், தண்ணீரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

(* அவர்கள் வழக்கத்தில் துரும்பு கிள்ளினால் கல்யாணம் முறிந்தது. அதன்பிறகு ஈடு பேசுவார்கள்.)

3

இப்போது அவள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பூவெடுத்திருக்கிறது. தண்ணீர் பாயாவிட்டால் கருகிவிடும்.

"கேட்டா உடுறான்க்கா" என்றாள்.

"அப்புறம் இன்னா பேஜாரு?"

"கேக்கணுமே! புதுப் பொண்டாட்டி பாத்துக்கினு நிப்பா, நான் வரப்புல நின்னு கேக்கணும். பாவம்னு உடுறான். பாவம்னு உடுறவன் நாளைக்கே நிறுத்திட்டா? வாரத்துல ஒரு கிழமை எனுக்குன்னு சொல்லுங்கன்றேன். அவ்ளோதான்."

4

தாண்டவராயனைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன். ஒத்துழைக்க மாட்டேன் என்கிறான். கேட்டதும் மடை திறக்கிறவனை எப்படித் திட்டுவது? எரிச்சலாக வருகிறது.

முடிவு அ: திறந்த மடையருகே இருவர் கண்களும் கலந்து...

(வேண்டாம். பத்திரிகைக்காரருக்குப் பிடிக்கும். அவள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள்.)

முடிவு ஆ: வக்கீல் ஜெயித்துக் கொடுக்கிறார்.

(எப்போது? வாய்தாவுக்கு வாய்தா பூ காத்திருக்குமா?)

5

விழுப்புரத்தில் இறங்கும்போது கேட்டாள்: "கதை எழுதுவேன்னியே, அதுலயாவது எனுக்குத் தண்ணி வருமாக்கா?"

"உட்டுடறேன், கவலைப்படாத" என்றேன் தாராளமாக.

அவள் முகம் சுருங்கிவிட்டது.

"அவனுந்தான் உட்டுடறேன்றான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஆகவே நான் தண்ணீர் விடப்போவதில்லை. அந்தப் பஞ்சாயத்தை மறுபடியும் கூட்டுகிறேன், வந்து உட்காருங்கள். அவளுக்காக யாரும் பரிதாபப்பட வேண்டாம். ஒரு கிழமையை மட்டும் சொல்லுங்கள். பாஞ்சாலி மண்வெட்டியோடு நிற்கிறாள்.