பொரி ஊறிய தண்ணீர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மாடி வீட்டிலிருந்து வந்தது. மீன் தொட்டித் தண்ணீராக வந்து, அழுகிய பொரி வாசனையோடு என் சட்டையில் விழுந்தது. தூத்துக்குடிக்காரன் கதை எழுதினால் முத்துக் குளிப்பவன் ஒருவன் அதில் மூச்சடக்கிச் செத்தாக வேண்டும் என்று ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அவர்களுக்காக ஒரு வரி தொடங்கிப் பார்த்தேன்: "கடல் அன்றைக்குத் தன் மக்களை

வேண்டாம். மில்லர்புரத்தில் என் தலைக்குமேல் ஒரு மாடி வீடு, ஒரு கண்ணாடித் தொட்டி, மூன்று தங்கமீன்கள். இஷ்டமிருந்தால் படியுங்கள்.

2

தொட்டி ஸ்ரீஜாவுடையது. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபின் அவள் தனக்கென்று கேட்டு வாங்கிய ஒரே பொருள். மாமனார் ராஜகோபாலன் ஆழ்வார்திருநகரிக்காரர், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் புண்ணியம் சேர்த்த குடும்பம். மில்லர்புரத்தில் குளம் இல்லை, மருமகளின் தொட்டி இருக்கிறது. தினமும் பூஜை முடிந்ததும் அதில் ஒரு கைப்பிடி பொரி போடுவார்.

(இந்தப் பாத்திரத்தை நம்ப முடியவில்லை என்றாள் என் மனைவி சந்தனச்செல்வி. "படிச்ச மனுசன் இப்படியா செய்வாவ?" என்னைக் கட்டிக்கொண்ட பிறகும் படித்தவர்கள்மேல் அவளுக்கு நல்ல அபிப்பிராயம் மிச்சமிருக்கிறது.)

பொரி ஊறி, உப்பி, கூழாங்கற்களுக்கிடையில் இறங்கி அழுகியது. ஒரு மீன் செத்தது. மற்ற இரண்டும் மேலே வந்து காற்றுக்குத் தவித்தன. அவை பிழைக்க வேண்டுமானால் அடிக்கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தாக வேண்டும்.

3

குழாய் உறிஞ்சவில்லை. எப்படி உறிஞ்சும்? பெருமாளின் பூஜைப் பலகையைவிட மீன் உயரத்தில் இருக்கக்கூடாதென்று தொட்டியைத் தரையோடு ஒரு மணையில் வைத்திருந்தார் ராஜகோபாலன். வாளியும் அதே தரையில். தண்ணீர் இறங்குவதற்கு ஒரு ஜாண் இறக்கம்கூட இல்லை.

"மாமா, தொட்டியை ஸ்டூல் மேல வெச்சா நன்னா இழுக்கும்."

"பெருமாளுக்கு மேலயா? சைஃபன்னா தானா இழுக்கும்மா. நான் நடத்தின பாடம்."

"உயர வித்தியாசம் வேணுமே மாமா."

"எனக்கே சொல்லித் தரயா? ஏகாதசிக்குள்ள சுத்தமாகலேன்னா ரெண்டையும் தாமிரபரணியில விட்டுடறேன். புண்ணியம்."

புண்ணியமாம். கொக்குக்கு வேண்டுமானால் புண்ணியம்.

கணவன் ரங்கநாத்துக்குத் துறைமுகத்தில் வேலை. கண்டெய்னர்களைக் கிரேனில் தூக்கி அடுக்குவதை மேற்பார்வை பார்க்கிறவன். ஒரு தொட்டியை ஸ்டூலில் தூக்கி வைக்க அவனுக்கு அப்பாவின் அனுமதி வேண்டும். அவன் இந்தக் கதையில் இதற்குமேல் வரமாட்டான்.*

* எந்தக் கதையிலுமே அவனுக்கு வேலை இல்லை.

4

தொட்டியை உயர்த்த முடியாதா, தண்ணீர் விழுகிற இடத்தைத் தாழ்த்து. ராஜகோபாலன் கோயிலுக்குக் கிளம்பியதும் ஸ்ரீஜா நீளமான ஹோஸ் ஒன்றை எடுத்தாள். அடிப்பாகம் வெட்டிய தண்ணீர் பாட்டிலை அதன் ஒரு முனையில் செருகினாள். (அகலமான வாய்க்குள் கல் எழும்பித் திரும்ப விழுந்துவிடும், கசடு மட்டும் மேலே போகும்.) காற்றுக் குமிழ் தங்காமல் ஹோஸ் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, பாட்டில் முனையைத் தொட்டிக்குள் அமிழ்த்தி, மறுமுனையை மடக்கி ரப்பர் பேண்ட் போட்டு, பால்கனிக் கம்பி வழியாக என் வாசலுக்கு இறக்கினாள்.

"சார், அந்த ரப்பர் பேண்டைக் கழட்டி விடுங்கோளேன். கொஞ்சம் தள்ளி நின்னுக்கோங்கோ."

இரண்டாவது வாக்கியத்தை முதலில் சொல்லியிருக்கலாம்.

"எப்பா, என்னா நாத்தம்! மேல் வீட்டுக்காரவுக என்னத்த ஊத்துதாவ?" என்று உள்ளேயிருந்து சந்தனச்செல்வி கத்தினாள்.

"சார், வருதா?"

"நல்லா வருதும்மா!"

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஒரு மாடி உயரத்தின் இழுப்பில் கசடு பிய்த்துக்கொண்டு வந்தது. பாதித் தொட்டி இறங்கியதும் நிறுத்தச் சொல்லிவிட்டு, முந்தின நாளே பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றினாள்.

(குழாயை எதற்காவது குறியீடு என்று நினைத்துப் பென்சிலை எடுக்கிறவர்கள் அதைக் கீழே வையுங்கள். அது குழாய்.)

5

ராஜகோபாலன் திரும்பி வந்து தெளிந்த தொட்டியைப் பார்த்தார். "பாத்தியா, தானா இழுத்துடுத்து."

இப்போது முடிவு. அவர் தவறை உணர்ந்து கண்கலங்குவதாக எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மீன்கள் இரண்டும் சாவதாக எழுதலாம், இலக்கியக் கூட்டத்தில் கைதட்டல் நிச்சயம். ஒரு கைதட்டலுக்காக இரண்டு உயிரை எடுக்க மாட்டேன். ஸ்ரீஜா தொட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு

அதுவும் சரியில்லை. அவள் ஏன் போக வேண்டும்?

மறுநாள் காலை, என் வாசலிலேயே கிடந்த ஹோஸைத் திருப்பிக் கொடுக்க மாடிக்குப் போயிருந்தேன். பூஜை முடிந்திருந்தது. ராஜகோபாலன் மூடிய கையோடு தொட்டிமேல் குனிந்தார். விரலிடுக்கில் பொரி தெரிந்தது. மீன்கள் இரண்டும் அவரை நம்பி வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன. பக்கத்தில் நின்ற ஸ்ரீஜாவும் வாயைத் திறந்தாள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவள் சொன்னதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் "பரவாயில்ல மாமா, போடுங்கோ" என்று எழுதுவதாக இருந்தால், அடுத்த தடவை அந்த ரப்பர் பேண்டைக் கழற்ற நீங்கள் வந்து நில்லுங்கள்.