பத்து நிமிஷச் சூடு

ஊரார் வண்டிக்கெல்லாம் நாடி பிடிக்கிறவர், சொந்த வண்டிக்குப் பவுடர் பூசுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஷெட்டில் கணவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தன் பழைய பைக்கில் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார். அது தேன் மாதிரி மெதுவாக இறங்கியது. அந்த எஞ்சினுக்கு இவ்வளவு கெட்டியான ஆயில் ஆகாது என்பது அவளுக்கே தெரியும். சத்தத்தையும் புகையையும் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கத்தான் உதவும்.

பதினோரு வருஷமாக அவள் காதில் விழுகிற பாடம் இது. பழைய பைக் வாங்குகிறவர்கள் முதலில் இங்கேதான் கொண்டுவருவார்கள். ‘ஆயில் டாக்டர்’ வீடு என்றால் தெருமுனையிலேயே கைகாட்டுவார்கள். அவர் ஆயில் அளக்கும் கம்பியை உருவி, நுனியில் ஒட்டியதை இரண்டு விரலில் தேய்த்து மோந்து பார்ப்பார். பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்பார். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் தீர்ந்தது.

“விக்கிறவன் நமக்கு முன்னாடியே எழுந்துட்டான். ராத்திரி வால்வு வழியா கசிஞ்ச ஆயில், காலையில முதல் உதையில நீலப் புகையா வரும். அதை மறைக்கத்தான் இந்தச் சூடு. நாளைக்கு ஆறின வண்டியைக் கொண்டாங்க,” என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்புவார்.

இப்போது அவர் மூடியைத் திருகிவிட்டுச் சாவியை அவளிடம் நீட்டினார்.

“வண்டி வாங்க வர்ற உன் தம்பியை பஸ் ஸ்டாப்புல போய்க் கூட்டிட்டு வரேன். நீ ஒரு உதை உதைச்சு, பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைச்சுடு.”

“எதுக்கு?”

“தெரியாத மாதிரி கேக்குற.”

“இது ஆயில் குடிக்குதேங்க. அவன் வேலைக்குப் போக வர தினம் எண்பது கிலோமீட்டர் ஓட்டப் போறான்.”

“கொஞ்சம் குடிக்கும். வாராவாரம் கம்பியைப் பார்த்து ஊத்திக்கட்டும்.”

“அவன் டயர்ல காத்து இருக்கான்னே பார்க்க மாட்டான்.”

“அப்புறம் புகையை மட்டும் எதுக்குப் பார்க்கணும்?”

“ஆயில் வத்தினா ஓடும்போதே எஞ்சின் இறுகி, ஆளைத் தூக்கிப் போட்டுடும்னு நீங்கதானே சொல்வீங்க?”

“அது கஸ்டமருக்குச் சொல்றது,” என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

தம்பி நேற்று போனில் சிரித்தான். “மாமா வண்டியை நான் என்னக்கா சோதிக்கிறது? டாக்டர் வீட்டுல மாத்திரை வாங்கி யாராவது தேதி பார்ப்பாங்களா?”

அவள் பைக்கின் முன்னால் நின்றாள். பத்து நிமிஷ வேலை. அதில் அவளுக்குப் பழக்கமும் உண்டு. அம்மா வருகிற நாட்களில் பேருந்து வரும் நேரம் பார்த்து முகம் கழுவுவாள், பாட்டு போடுவாள், கணவர் எதற்கோ சொன்ன நகைச்சுவையை ஞாபகப்படுத்திக்கொள்வாள். கதவைத் திறக்கும்போது சிரிப்பு சரியான சூட்டில் இருக்கும். அம்மா ஒருநாளும் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்ததில்லை. “நீ நல்லா இருக்க, அது போதும்,” என்று சொல்லிவிட்டுப் போவாள். ஆறின நேரத்தில் யாரும் வருவதில்லை. வந்திருந்தால் என்ன நிறத்தில் புகைந்திருப்போம் என்று அவளுக்கே தெரியவில்லை.

சாவி அவள் உள்ளங்கையில் வெதுவெதுப்பாகிவிட்டது. வண்டி அப்படியே இருந்தது.

கேட் சத்தம் கேட்டது. தம்பி ஹெல்மெட்டோடு வந்தான். இன்னும் அட்டைகூடக் கழற்றாத புது ஹெல்மெட். “என்னக்கா, என் வண்டி ரெடியா?”

கணவர் பேசிக்கொண்டே வந்து, பழக்க தோஷத்தில், எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடே இல்லை. அவளைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் அவர் கை பொய் சொன்னதில்லை.

“மாப்ள, வெயில்ல வந்திருக்க,” என்றார் மெதுவாக. “உள்ள ஃபேனுக்குக் கீழ பத்து நிமிஷம் உக்காரு. அக்கா தண்ணி தருவா. இந்தா, அவனை உள்ள கூட்டிட்டுப் போ.”

“தண்ணி அப்புறம் குடிக்கட்டுங்க,” என்றாள் அவள். சாவியைத் தம்பியிடம் கொடுத்தாள். “முதல்ல நீயே உதைச்சுப் பாரு.”