ஏழாவது கட்டத்தில் பத்தரை மணி

மலைமேல் இருக்கும் எங்கள் மோன்க்ரேயில் ரொட்டிக்கடை ஒன்றுதான், அது என்னுடையது. ரொட்டி, செய்தித்தாள், சிகரெட், தபால்தலை, ஊர் விஷயம் எல்லாம் இங்கே கிடைக்கும். கடைசியாகச் சொன்ன சரக்கை நான் இலவசமாகவே கொடுத்துவிடுவேன். இதை நானே ஒப்புக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் எதிர்வீட்டில் முடி வெட்டும் கொராலி சொல்லிவிடுவாள், அதுவும் கூடக்குறையச் சொல்வாள்.

ஜூலை முதல் சனிக்கிழமை எங்கள் பக்கத்துச் சைக்கிள் சுற்று. விடியும்போது கீழே பொன்வேர்னில் படகு மதகடியில் புறப்பட வேண்டும். கால்வாய்க் கரைப்பாதையிலேயே போய், திராட்சைத் தோட்டங்களுக்குள் புகுந்து, எங்கள் மலையில் ஏறி, மறுபக்கம் இறங்கி, இருட்டுவதற்குள் அதே மதகுக்குத் திரும்ப வேண்டும். ஆளுக்கொரு மஞ்சள் அட்டை, அதில் பன்னிரண்டு கட்டங்கள். வழியில் இருக்கும் கடைக்காரர்கள் அவரவர் கட்டத்தில் கடை முத்திரையைக் குத்தி, ஆள் வந்து சேர்ந்த நேரத்தைக் கையால் எழுதித் தர வேண்டும். ஏழாவது கட்டம் என்னுடையது. தொடர்ந்து பத்து வருடம் முழு அட்டை காட்டியவர்களின் பெயர் கணவாயில் நிற்கும் வெள்ளைக் கல்லில் ஏறும். நாற்பது வருடத்தில் நான்கு பேர்தான் ஏறியிருக்கிறார்கள். ஒரு வருடம் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

லெயோன்ஸ் போத்ராவுக்கு இது பத்தாவது வருடம். வயது எழுபத்திரண்டு. சைக்கிள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர், விதிகளை எழுதியவரும் அவர்தான். அவற்றைப் பாதிரியார் பைபிளைப் பிடிப்பதைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருப்பவரும் அவர்தான். போன வருடம் நர்ஸ் மரிவோனின் நான்கு வருட உழைப்பை ஒரே வாக்கியத்தில் துடைத்துப் போட்டார். நடந்தது இவ்வளவுதான்: வெயிலில் என் முத்திரையின் மைத்திண்டு காய்ந்துபோயிருந்தது, முத்திரை விழவில்லை. நான் அவள் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "முத்திரைன்னா முத்திரை. கையெழுத்து முத்திரை ஆகாது" என்று சொல்லி லெயோன்ஸ் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மரிவோன் அதை வாங்கிக்கொண்டு, இந்த வருடம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். மை காய்ந்தது என் தவறு. ஆனால் அவர் எவ்வளவு கல்நெஞ்சக்காரர் என்பதைத்தான் நான் ஆறு மாதம் ஊருக்கு விளம்பினேன்.

இந்த வருடம் சுற்று நாளில் காலை ஒன்பதேகால் மணிக்கு லெயோன்ஸ் என் கடைக்குள் வந்தார். ஆறாவது முத்திரை மலையடிவாரத்தில் இருக்கும் ஒயின் கூட்டுறவுச் சங்கத்தில். அங்கே எட்டு ஐம்பது என்று எழுதியிருந்தார்கள். அடிவாரத்திலிருந்து என் கடைக்குப் பதினெட்டு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். இருபத்தைந்து வயது இளவட்டங்களே ஒரு மணி நேரம் எடுத்து, கால்வாயில் முங்கி எழுந்தவர்கள் மாதிரி நனைந்துதான் வந்து விழுவார்கள். இவர் சட்டை காய்ந்திருந்தது. முழங்கையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. கூடவே ஆட்டு வாடை. எட்டிப் பார்த்தேன். தேவாலயத்துக்குப் பின்னால் ஃபிர்மேன் ஆடு ஏற்றும் மோட்டார் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. ஃபிர்மேன் ஆடு மேய்க்கிறவர். அறுபது வருடத்தில் அவர் வாயிலிருந்து எந்த ரகசியமும் வந்ததில்லை, வேறு எதுவும் அதிகமாக வந்ததில்லை.

"சீக்கிரமே வந்துட்டீங்களே, முசியே லெயோன்ஸ்" என்றேன்.

அவர் ரொட்டித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வசந்தத்துல முட்டில ஆபரேஷன் பண்ணாங்க, தெரியுமில்ல. செப்டம்பர் வரைக்கும் மலை ஏறக் கூடாதுன்னுட்டார் டாக்டர்."

செப்டம்பரில் ஏறலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்று ஜூலையில்தானே என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. ஒன்பது வருடம் போய்விடும். அடுத்த வருடம் ஒன்றிலிருந்து தொடங்கினால் எண்பத்திரண்டில் முடியும், முட்டி சம்மதித்தால்.

"பத்தரைன்னு போடுங்க, மதாம்" என்றார். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன்.

முத்திரையைக் குத்தினேன். பத்தரை என்று எழுதினேன். இரக்கத்தால் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அது பாதிதான் உண்மை. விதி விதி என்று ஊரையே விரட்டிய மனிதர் என் கல்லாவுக்கு முன்னால் வைக்கோலோடு நிற்கிறார், அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அந்த ருசிக்கு முன்னால் இரக்கமெல்லாம் எம்மாத்திரம்.

பத்தரை வரை அவரைத் தெருவில் நிற்கவைக்க முடியாது. பின்னறையில் மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தேன். பல் டாக்டர் வீட்டில் காத்திருப்பவர் மாதிரி, தொடைமேல் கையை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். சைக்கிள் என் குளிர்பெட்டியில் சாய்ந்து நின்றது. கதவைச் சாத்தவில்லை, சாத்தினால் அடுப்புச் சூட்டில் மனிதர் வெந்துபோவார்.

ஒன்பது ஐம்பதுக்கு மரிவோன் வந்தாள். முகம் சிவந்து, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டி, பேச மூச்சில்லாமல் அட்டையை நீட்டினாள். இந்த முறை புது மை, முத்திரை பளிச்சென்று விழுந்தது. மூச்சு திரும்பியதும் அவள் முதலில் கேட்டது, தலைவர் வந்துவிட்டாரா என்று.

"இன்னும் இல்ல. கீழ எங்கயாவது விதி எண் பதினாலை மரத்துக்குப் படிச்சுக் காட்டிட்டிருப்பார்" என்றேன். பின்னறையில் கேட்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மரிவோன் சிரிக்கவில்லை. "அந்த முட்டிய வச்சுக்கிட்டு இந்த வெயில்ல ஏறிட்டிருக்கார், பாவம். கட்டுப் பிரிச்சது நான்தான், எனக்குத் தெரியும். கிண்டல் பண்ணாதீங்க." ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி, அதை எடுத்துக்கொள்ளாமல் கல்லாமேல் வைத்தாள். "வந்ததும் இதக் குடுங்க. ஒரே மூச்சுல குடிக்க வேணாம்னு சொல்லுங்க." சொல்லிவிட்டு இறக்கத்தில் போய்விட்டாள்.

பாட்டிலைப் பின்னறைக்குக் கொண்டுபோனேன். அவர் காது நுனிவரை சிவந்திருந்தார். பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், திறக்கவில்லை. பத்தரைக்கு எழுந்து, நன்றி கூடச் சொல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். அது நன்றி சொல்லக்கூடிய காரியம் இல்லை என்பது இப்போது எனக்குப் புரிகிறது.

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வரலாற்றில் இது நீண்ட காலம். செவ்வாய்க்கிழமை கொராலி என் தலையைப் பின்னுக்குச் சாய்த்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த நிலையில் மனித மனம் இளகிவிடுகிறது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஆட்டு வண்டியைப் பற்றிச் சொன்னேன். பத்தரையைப் பற்றியும் பின்னறையைப் பற்றியும் சொல்லவில்லை. என் பங்கு மட்டும் எப்படியோ கதையிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. புதன்கிழமை ரொட்டி வாங்க வந்த ஒவ்வொருவரும் ஆட்டு விலை எப்படி என்று என்னையே விசாரித்தார்கள். வெள்ளிக்கிழமை பொன்வேர்னிலும் இதே பேச்சு. லெயோன்ஸுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஊர் விஷயம் சம்பந்தப்பட்டவரிடம் கடைசியில்தான் போய்ச் சேரும்.

மறு ஞாயிறு மதியம் நகராட்சி மண்டபத்தில் பரிசளிப்பு. சூடான சீஸ் உருண்டைகள், கருந்திராட்சைச் சாறு கலந்த வெள்ளை ஒயின். முன்வரிசையில் லெயோன்ஸ், சலவைக் கோட்டு, இஸ்திரி போட்ட சட்டை. கல்லில் பெயர் எழுதுபவர் கணவாயில் அதற்குள் கல்லைத் துடைத்து, கறுப்புப் பெயின்டும் கலந்து வைத்துவிட்டதாகக் கேள்வி. எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு அட்டையையும் மேயர் எழுந்து நின்று உரக்கப் படிக்க வேண்டும்: ஊர் பெயர், முத்திரை, நேரம். ஒவ்வொரு கட்டத்துக்கும் கூட்டம் ஒருமுறை கை தட்டும். பத்தாவது வருட அட்டையைக் கடைசியில் படிப்பார்கள்.

மேயர் கோத்ரி படித்தார். மதகு, ஐந்து மணி, தட்டினோம். கரைப்பாதைக் காப்பிக்கடை, ஐந்து ஐம்பது, தட்டினோம். கூட்டுறவுச் சங்கம், எட்டு ஐம்பது. "மோன்க்ரே, ரொட்டிக்கடை, பத்தரை" என்றார்.

யாரும் தட்டவில்லை. பின்வரிசையில் யாரோ மெதுவாக, தொண்டைக்குள்ளேயே, ஆடு மாதிரி கத்தினார்கள்.

சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி நாற்காலி நாற்காலியாக முன்னால் வந்தது. கர்ச்சீப்பால் வாயைப் பொத்தியவர்கள், திடீரென்று இருமல் வந்தவர்கள், கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தவர்கள். லெயோன்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய பின்கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. காலரிலிருந்து மேலே சிவந்துகொண்டே போனது. அவருக்கு இப்போதுதான் விஷயம் போய்ச் சேர்ந்தது. என் கையில் ஒரு சீஸ் உருண்டை இருந்தது. எனக்கு அதை வாயில் போடவும் முடியவில்லை, தட்டில் வைக்கவும் முடியவில்லை.

அப்போது மரிவோன் எழுந்தாள். "நான் அவரைப் பாத்தேன்" என்றாள். "பீச் மரத் திருப்பத்துல. ஏறிட்டிருந்தார். தண்ணி குடுத்தேன்."

சிரிப்பு சட்டென்று நின்றது. யாருடைய நான்கு வருடம் போனது என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளே சொன்ன பிறகு எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்? பொய் கச்சிதமாக நின்றுவிட்டது. மேயர் தொண்டையைச் செருமி எட்டாவது கட்டத்துக்குப் போகப் பார்த்தார். லெயோன்ஸ் அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும், பெயர் கல்லில் ஏறியிருக்கும்.

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காரு மரிவோன். நீ என்னைப் பாக்கல" என்றார். பிறகு மேயரைப் பார்த்து: "அடிவாரத்துலேர்ந்து மோன்க்ரே வரைக்கும் ஃபிர்மேன் வண்டில வந்தேன். ரெண்டு ஆடும் இருந்துச்சு. இந்த அட்டை செல்லாது."

மேயர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். "நேரம் பத்தரைன்னு இருக்கே, முசியே போத்ரா. எட்டு ஐம்பதுக்குக் கீழ இருந்தீங்க. வண்டில வந்தா…"

"அத நான்தான் எழுதினேன். மதாம் முத்திரை குத்திட்டு உள்ள போயிருந்தாங்க, நானே எழுதிக்கிட்டேன்."

என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுந்திருப்பேனோ என்னவோ. நான் எழவில்லை. மண்டபமே எழச் சொல்லி என்னைத் தள்ளுவது போலிருந்தது. மேயர் அட்டையை இரண்டாக மடித்தார். லெயோன்ஸ் மரிவோன் அருகில் போய் ஏதோ சொன்னார். போன வருடத்து அட்டையைப் பற்றித்தான் இருக்க வேண்டும், அவள் தலையை ஆட்டினாள். பிறகு அவர் தனியாக வெளியே போனார்.

இரண்டு நிமிடம் கழித்து நானும் போனேன். வாசலில் குனிந்து கால்சட்டை நுனியில் கிளிப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உங்களுக்குக் கடை இருக்கு. நாளைக்கும் நாலு பேர் முகத்துல முழிக்கணும்" என்றார் நிமிராமலே. "ஃபிர்மேன் சொல்லியிருக்க மாட்டான். நீங்கதானே?"

"கொராலிகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"ஓ, கொராலிகிட்டயா" என்றார். கோபமே இல்லை. ஒரு கோப வார்த்தை கிடைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நானும் ரோஷப்பட்டிருப்பேன். அவர் வலது காலை மெதுவாகத் தூக்கி ஏறி உட்கார்ந்து, தோட்டத்துப் பாதையில் போய்விட்டார்.

திரும்ப மண்டபத்துக்குள் நுழைந்தேன். என் காலடி பட்டதும் பேச்சு அறுந்தது. உடனே மூன்று பேர் ஒரே சமயத்தில் திராட்சைக்கு மழை வேண்டும் என்றார்கள். அந்த அமைதி எனக்குப் பழக்கமானதுதான். முப்பது வருடமாக மற்றவர்கள் கடைக்குள் நுழையும்போது நான் செய்துவந்த அமைதி அது. அதற்குள் நடந்து போவது இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

உட்காரவில்லை. மேயர் பக்கத்தில் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அந்தப் பத்தரைய எழுதினது நான். அவரை என் கடைலயே ஒளிச்சு வச்சிருந்தேன். ஊர்பூரா சொன்னதும் நான்தான்."

ஊரில் யாரும் அறியாத ஒரு செய்தியை ஒருவழியாக நான் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் நிமிரவில்லை. கொராலி தன் கிளாஸுக்குள் பார்த்தாள். மேயர் மடித்த அட்டையைப் பிரித்து என் பக்கம் நீட்டினார். தினமும் காலையில் கடை வாசல் பலகையில் ரொட்டி விலை எழுதுகிறேனே, அதே தட்டைத் தலை '3' அந்த 10.30-இல் இருந்தது.

"எங்களுக்குத் தெரியும், மதாம்" என்றார் மரியாதையாக. "வாசிக்கறப்பவே எல்லாருக்கும் தெரியும். உக்காருங்க."