போதகர் வீட்டுக்கு வந்தவர்கள்

எல்லைச் சாவடியில் அவள் மொழிபெயர்ப்பாளர். பக்கத்து நாட்டுப் போரிலிருந்து தப்பி வருகிறவர்கள் சொல்வதை அதிகாரிக்கும், அதிகாரி சொல்வதை அவர்களுக்கும் மாற்றிச் சொல்வாள். அன்று கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்திருந்தாள். உள்ளூர்க்காரர் யாராவது வீட்டில் இடம் தந்து பொறுப்பேற்றால் விடலாம், இல்லாவிட்டால் மாலை பஸ்ஸில் திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்றார் அதிகாரி. சாவடி ஊழியர்கள் பொறுப்பேற்கக் கூடாது.

அவளுக்கு அண்ணன் நினைவு வந்தது. அண்ணன் போதகர். அந்நியரை வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று போன வாரம்தான் தொண்டை கிழியப் பிரசங்கம் செய்திருந்தார். போன் போட்டாள்.

"சபைல கேக்கணும்மா. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"உங்க மாடி ரூம் சும்மாதானே கெடக்கு? அதுக்கு எதுக்குண்ணே சபை?"

"அவசரப்படாதே. அவங்களுக்காக ஜெபம் பண்றேன்."

"ஜெபத்துல படுத்துத் தூங்க முடியுமாண்ணே?"

அவர் போனை வைத்துவிட்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அந்தப் பெண் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் என்னவென்று சொல்வது?

பஸ் வந்து நின்ற நேரத்தில் வாசலில் ஒரு டாக்சியும் வந்து நின்றது. அண்ணி இறங்கினாள். பாத்திரம் தேய்த்த சோப்பு மணிக்கட்டில் காய்ந்திருந்தது.

"உங்க அண்ணன் பேசினது காதுல விழுந்துச்சு. வீடு என் பேர்லதான் இருக்கு. எங்க கையெழுத்துப் போடணும்?"

"அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி?"

"வீட்டுக்கு வந்து தெரிஞ்சுக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அண்ணன் அந்தப் பெண்ணை மேடைக்கு அழைத்தார். மொழிபெயர்க்கத் தங்கையையும் கூப்பிட்டார்.

"இவங்களுக்கு நம்ம சபை கதவைத் திறந்துச்சு!" என்றார். கூட்டம் கைதட்டியது.

என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் கேட்டாள். வேலையில் ஒரு சொல்லைக்கூட மாற்றாதவள், "உனக்கு இடம் தந்தது தன் மனைவிதான் என்கிறார்" என்று அவள் மொழியில் சொன்னாள். அந்தப் பெண் கடைசி வரிசையில் இருந்த அண்ணியைக் கண்ணால் தேடிப் பிடித்து, குழந்தையை அணைத்தபடியே தலை வணங்கினாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போனார்.

ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்கு வந்து குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

"சாவடியில இன்னும் ஆளுங்க நிக்கிறாங்க. யார் வீட்லயாவது இடம் இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

ஒருவர் கார் சாவியைத் தேடினார். இன்னொருவர் மழை வரும்போல இருக்கிறதென்றார். அவள் மறுபடியும், இன்னும் சத்தமாகக் கேட்டாள். வாசலில் அண்ணியும் அந்தப் பெண்ணும் மட்டும் மிஞ்சி நின்றிருந்தார்கள்.